மீன்பிடிப் பூனையின் சிறுநீரில் ரத்தம்: சிறுநீர்ப்பைப் புற்றுநோயா? எதுவரை பரவியிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

சதுப்புநிலம் (கேள்வி)

மிருகக்காட்சிசாலையில் இருக்கும் ஆண் மீன்பிடிப் பூனை. வயது 9, எடை 11 கிலோ. மூன்று வாரமாகச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. அடிக்கடி குந்துகிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் வருகிறது. தீனி எடுப்பதில் குறையில்லை, தொட்டியில் இறங்கி மீன் பிடிப்பதும் வழக்கம்போலத்தான். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 10 நாள் கொடுத்ததில் 5ஆம் நாளே நிறம் தெளிந்தது. மருந்தை நிறுத்திய ஒரு வாரத்தில் மறுபடி ரத்தம். எக்ஸ்ரேயில் கல் எதுவும் தெரியவில்லை.

அடுத்து மயக்கம் கொடுத்து, வயிறு வழியாகப் பைக்குள் ஊசி குத்திச் சுத்தமான சிறுநீர் எடுத்து கல்ச்சர் (பாக்டீரியா வளர்ப்புச் சோதனை) அனுப்பலாம் என்று திட்டம். அதற்கு முன் மூன்று சந்தேகங்கள்:

1. இந்த இனத்துக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதிகம் என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?
2. புற்றுநோய் என்றால் எதுவரை பரவியிருக்கிறது என்பதை ஒரே மயக்கத்தில் பார்த்துவிட முடியுமா? என்ன வரிசையில் பார்ப்பது?
3. பக்கத்துக் கூண்டில் பெண் பூனை இருக்கிறது. அதற்கு இது ஒட்டுமா?

ஊதுகுழல் (பதில்)

டாக்டர், முதலில் அந்த ஊசித் திட்டத்தை நிறுத்தி வையுங்கள். ஸ்கேன் பார்த்து, பைக்குள் கட்டி இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊசி. சிறுநீர்ப்பையின் உள்தோலில் வரும் இந்தப் புற்றுநோயின் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்திருப்பதில்லை, எளிதில் உதிரும். ஊசி வெளியே வரும் வழியெங்கும் அவை ஒட்டிக்கொண்டு, வயிற்றுச் சுவரில் புதுக் கட்டியாக வளர்ந்ததை நாயில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பைக்குள் அடங்கியிருந்த நோயை நம் கையாலேயே வெளியே கொண்டுவந்தது போலாகிவிடும்.

உங்கள் முதல் கேள்வி. ஆம், உண்மைதான். மீன்பிடிப் பூனை தவிர வேறெந்தக் காட்டுப் பூனையிலும் இந்த நோய் இவ்வளவு வருவதாகத் தெரியவில்லை. 2004இல் அமெரிக்காவின் சான் டியேகோ மிருகக்காட்சிசாலைக் குழுவினர் 4 மீன்பிடிப் பூனைகளில் இதை விவரித்தார்கள். 2006இல் வந்த நோய்க்கூறு ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: 1995 முதல் 2004 வரை வட அமெரிக்கக் காப்பிடங்களில் இறந்த 91 வளர்ந்த மீன்பிடிப் பூனைகளில் 12 இறந்தது இந்தப் புற்றுநோயால்தான். ஏறக்குறைய எட்டில் ஒன்று. வீட்டுப் பூனையில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அரிது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விகிதம் என்று புரியும். பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் நடுவயது தாண்டியவை. உங்கள் பூனையின் 9 வயது அந்த வரம்புக்குள்தான் வருகிறது.

ஆன்டிபயாட்டிக்கில் ரத்தம் நின்றதை வைத்து "வெறும் தொற்றுதான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த நோயில் காலம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். கட்டியின் மேற்பரப்பு புண்ணாகி, அதில் பாக்டீரியா குடியேறும். மருந்து பாக்டீரியாவைக் கொல்லும், வீக்கம் வற்றும், ரத்தம் சில நாள் நிற்கும். கட்டி அப்படியே இருக்கும். ஒரு கோர்ஸ் முடிந்து ரத்தம் திரும்பினால், இரண்டாவது கோர்ஸுக்கு முன் ஸ்கேன். மீன்பிடிப் பூனைக்கு இதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விக்கு விரிவாகச் சொல்கிறேன்.

மயக்கத்துக்கு முன். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம், கதீட்டர், பயாப்சிக்கான சாமான்கள் எல்லாம் மேசைமேல் தயாராக இருக்கட்டும். வயதான பூனையை இரண்டு முறை மயக்குவதைவிட ஒரே முறையில் 70, 80 நிமிடம் வைத்திருப்பது மேல். பட்டினி 12 மணி நேரம். தண்ணீரைக் கடைசி 3, 4 மணி நேரம் மட்டும் எடுத்தால் போதும். சிறுநீரகம் கெட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது நாள் முழுக்கத் தண்ணீரை மறுக்காதீர்கள்.

மயக்கம். கீட்டமின் கிலோவுக்கு 3 முதல் 4 மில்லிகிராம், மெடெடோமிடின் கிலோவுக்கு 40 மைக்ரோகிராம், ஊதுகுழலில் தொடைத் தசைக்குள். 11 கிலோவுக்கு மெடெடோமிடின் 0.44 மில்லி (மில்லிக்கு 1 மில்லிகிராம் கரைசலில்). கீட்டமின் 40 மில்லிகிராம் என்றால், 50 மில்லிகிராம் கரைசலில் 0.8 மில்லி. கீட்டமினை இதற்கு மேல் ஏற்ற வேண்டாம். பூனை இனத்தில் அதன் கணிசமான பங்கு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. கட்டி சிறுநீர்நாளத்தை அடைத்திருந்தால் தெளியவே நேரமாகும். ஆழம் போதவில்லை என்றால் ஐசோஃப்ளூரேன் (மூச்சு வழி மயக்க வாயு) கொடுங்கள். படுத்ததும் நரம்பில் கான்யுலா போட்டு, கிலோவுக்கு மணிக்கு 5 மில்லி வீதம் சலைன், அதாவது மணிக்கு 55 மில்லி. முடிந்த பிறகு மெடெடோமிடினை முறிக்கும் அட்டிபமெசோல், மில்லிகிராம் கணக்கில் மெடெடோமிடினின் ஐந்து மடங்கு, தசைக்குள். கீட்டமின் போட்டு 45 நிமிடமாவது ஆன பிறகுதான் தெளிவிக்க வேண்டும். அவசரப்பட்டால் கீட்டமின் மட்டும் மிஞ்சி, விழிக்கும்போது துள்ளி மோதிக்கொள்ளும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மெடெடோமிடினோ சைலசினோ போட்ட பின் எடுத்த சிறுநீரின் அடர்த்தியை வைத்துச் சிறுநீரகத்தை எடை போடக்கூடாது. இந்த மருந்துகள் சிறுநீரை நீர்க்கச் செய்யும், ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் பூனைக்கும் அடர்த்தி 1.015க்குக் கீழே இறங்கலாம். அடர்த்திக்குத் தரையில் பிடித்த சிறுநீர்தான் சரி.

ஸ்கேன். பை பாதியாவது நிரம்பியிருக்க வேண்டும். காலிப் பையின் சுவர் சுருங்கித் தடிப்பாகத்தான் தெரியும், அதைக் கட்டி என்று எழுதிவிடுவார்கள். காலியாக இருந்தால் கதீட்டர் வழியாக வெதுவெதுப்பான சலைனை மெதுவாக ஏற்றிக்கொள்ளுங்கள். ஓரளவு நிரம்பிய பையின் சுவர் வீட்டுப் பூனையில் 2 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஓரிடத்தில் மட்டும் சுவர் தடித்து, காலிஃபிளவர் மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டு நின்றால் சந்தேகம் வலுக்கிறது.

ரத்தக்கட்டியும் பார்க்க அப்படியே இருக்கும். பூனையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரட்டுங்கள். ரத்தக்கட்டி பள்ளத்துக்கு நகரும், புற்றுக்கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். கலர் டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டம் தெரிந்தால் கட்டிதான். சுவரோடு ஒட்டிய பழைய ரத்தக்கட்டி நகராமலும் இருக்கலாம். டாப்ளரிலும் எதுவும் தெரியவில்லை என்றால் பையைச் சலைனால் கழுவிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

பையோடு நின்றுவிடாதீர்கள். பரவலைப் பார்க்கும் வரிசை இது: பையின் கழுத்தும் அதையொட்டிய முக்கோணப் பகுதியும், இரண்டு சிறுநீர்நாளம் வந்து சேரும் இடம், அங்கிருந்து மேலே இரண்டு சிறுநீரகம். நாளம் அகன்று, சிறுநீரகத்தின் நடுக்குழி நீர் கோத்து விரிந்திருந்தால் அடைப்பு தொடங்கிவிட்டது. பிறகு பெருந்தமனி பின்காலுக்குப் பிரியும் இடத்தில் இருபுறமும் உள்ள நிணக்கணுக்கள். சாதாரணமாக அவை மெல்லிசாக நீளவாக்கில் இருக்கும். உருண்டு, கறுத்து, பக்கத்துக்குப் பக்கம் அளவு வித்தியாசப்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து கல்லீரல், மண்ணீரல், குடல்சவ்வு. வயிற்றுக்குள் நீர் இருந்தால் அதைத் தாராளமாக ஊசியில் எடுக்கலாம், பையைத் தொடாத இடத்தில்.

எக்ஸ்ரே. நெஞ்சுக்கு மூன்று படம்: வலப்பக்கம், இடப்பக்கம், நேர்ப்படம். படுத்திருக்கும் பக்கத்து நுரையீரல் அமுங்கிவிடும், அந்தப் பக்கத்து முடிச்சு தெரியாமல் போகும். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து "நுரையீரல் சுத்தம்" என்று எழுதக்கூடாது. மயக்கம் ஆரம்பித்த உடனே இதை எடுங்கள். ஒரு மணி நேரம் ஒரே பக்கம் படுத்த பிறகு எடுத்த நெஞ்சுப் படத்தை நம்ப முடியாது. இடுப்பு முதுகெலும்பும் இடுப்பெலும்பும் ஒரு படத்தில் வரட்டும், இந்த நோய் எலும்புக்கும் போகும்.

ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் கான்ட்ராஸ்ட் எக்ஸ்ரே எடுக்கலாம். பையைக் காலி செய்து, அயோஹெக்சால் என்ற எக்ஸ்ரே சாயத்தைச் சலைனில் கலந்து கதீட்டர் வழியே கிலோவுக்கு 3 முதல் 5 மில்லி. பை இறுகுவது வயிற்றைத் தொட்டாலே தெரியும், அங்கே நிறுத்த வேண்டும். ரத்தம் கசியும் பைக்குள் சாதாரணக் காற்றை ஏற்றி எடுக்கும் பழைய முறை வேண்டவே வேண்டாம். புண் வழியாகக் காற்று ரத்தக்குழாய்க்குள் நுழைந்து மேசையிலேயே பூனை இறந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

ஸ்லைடுப்பெட்டி (பதில்)

ஊசி வேண்டாம் என்றால் திசு எப்படி எடுப்பது என்பது அடுத்த கேள்வியாக வரும். அதனால் ஆய்வகப் பக்கத்திலிருந்து இதைச் சேர்க்கிறேன்.

கதீட்டர் வழியே உறிஞ்சி எடுக்கும் முறைதான் இருப்பதில் நல்லது. 11 கிலோ ஆணுக்கு 3.5 ஃப்ரெஞ்ச் (கதீட்டரின் தடிமன் அளவு) போகும், சிலதில் 5 ஃப்ரெஞ்ச் போகும். பக்கவாட்டில் ஓட்டை உள்ள கதீட்டராக எடுங்கள். ஒருவர் ஸ்கேன் பிடிக்க, இன்னொருவர் கதீட்டரைத் தள்ளி அந்தப் பக்க ஓட்டை கட்டியின்மேல் படும்படி திருப்ப வேண்டும். 10 மில்லி சிரிஞ்சில் பிஸ்டனை வேகமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே கதீட்டரைச் சற்று முன்னும் பின்னும் அசைத்தால், கட்டியின் நுனி ஓட்டைக்குள் உறிஞ்சப்பட்டுக் கிள்ளிக்கொண்டு வரும். அழுத்தத்தை விடாமல் கதீட்டரை முழுதாக வெளியே எடுங்கள். உள்ளேயே விட்டுவிட்டால் கிள்ளிய துணுக்கு மறுபடி பைக்குள் விழுந்துவிடும்.

கிடைப்பது ரவை அளவுத் துணுக்குதான். அதை நேராக ஃபார்மலின் பாட்டிலில் போட்டால் ஆய்வகத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சின்ன வடிதாள் துண்டின்மேல் வைத்து, ஒட்டியதும் தாளோடு மடித்து 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள். குறைந்தது 3 துணுக்காவது வேண்டும். மேலோட்டமாகக் கிள்ளியதில் வெறும் அழுகலும் ரத்தமும் மட்டும் வந்து, "முடிவு சொல்ல இயலாது" என்று பதில் வருவது சகஜம். ஆண் பூனையின் குழாய் குறுகல் என்பதால் துணுக்கும் சிறுத்துத்தான் வரும். பெண்ணுக்கு மெல்லிய எண்டோஸ்கோப் போகும், அதில் நேரில் பார்த்தே கிள்ளலாம்.

சிறுநீரிலிருந்து செல் பார்ப்பதற்கு: 5 மில்லி சிறுநீர், சென்ட்ரிஃப்யூஜில் நிமிடத்துக்கு 1500 சுற்று, 5 நிமிடம். மேல்நீரை ஊற்றிவிட்டு, அடியில் இருப்பதோடு அந்தப் பூனையின் சீரம் ஒரு சொட்டு கலந்து ஸ்லைடில் இழுங்கள். சீரம் இல்லாவிட்டால் சாயம் போடும்போது செல்கள் கழன்று ஓடிவிடும். லீஷ்மன் சாயம் போதும். சிறுநீரில் செல்கள் வேகமாக உடைந்துவிடும், அரை மணிக்குள் ஸ்லைடு போட வேண்டும். முடியாதென்றால் இரண்டு குழாயாகப் பிரித்து, ஒன்றைக் குளிரில் வையுங்கள். மற்றதில் சம அளவு 50 சதவீத ஆல்கஹால் ஊற்றுங்கள்.

ஸ்லைடில் தேட வேண்டியது: திரள் திரளாக நிற்கும் பெரிய செல்கள், ஒரே திரளில் நியூக்ளியஸ் ஒன்று சிறிதும் ஒன்று மூன்று மடங்கு பெரிதுமாக இருப்பது, ஒரு செல்லுக்குள் இரண்டு மூன்று நியூக்ளியஸ், நியூக்ளியஸுக்குள் பருத்த ஒழுங்கற்ற புள்ளிகள். சில செல்களின் உடலில் வழவழப்பான இளஞ்சிவப்பு உருண்டை ஒன்று கண்ணாடி மணிபோலத் தெரியும். இந்த உள்தோல் செல்லுக்கே உரிய அடையாளம் அது.

எச்சரிக்கை ஒன்று. கடும் அழற்சியிலும் உள்தோல் செல்கள் பெருத்து, நிறம் கூடி, புற்றுச்செல் போலவே வேஷம் போடும். வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடக்கும் ஸ்லைடில் புற்றுநோய் என்று எழுதத் தயங்க வேண்டும். தொற்றுக்கு மருந்து கொடுத்துத் தெளிந்த பிறகு எடுத்த இரண்டாவது ஸ்லைடில்தான் தைரியமாகச் சொல்லலாம். அதற்கு நேர்மாறும் உண்டு: ஸ்லைடு சுத்தமாக இருந்தாலும் கட்டி இல்லை என்று ஆகாது, அன்று செல் உதிராமல் இருந்திருக்கலாம்.

நாய்களுக்குச் சிறுநீரில் பிராஃப் மரபணு மாற்றத்தைத் தேடும் சோதனை ஒன்று உண்டு. நாய்களின் இந்தப் புற்றுநோயில் பெரும்பாலானவற்றில் அந்த மாற்றம் இருப்பதால் அங்கே அது நன்றாக வேலை செய்கிறது. பூனையின் சிறுநீர்ப்பைப் புற்றில் அந்த மாற்றத்தை நம்பிச் சோதிக்க முடியாது. காசைச் செலவழித்து "இல்லை" என்ற பதில் வாங்கி நிம்மதி அடைய வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்கு: ஒட்டாது. டாஸ்மேனியன் டெவிலின் முகப்புற்றில் புற்றுச்செல்லே ஒரு விலங்கின் கடியிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. மீன்பிடிப் பூனையின் நோயில் அப்படி எதுவும் கிடையாது. பெண் பூனையைப் பிரிக்க வேண்டியதில்லை. இனமும் உணவும் வளர்ப்பும் ஒன்றாக இருப்பதால் அதற்கும் தனியாக வரக்கூடிய ஆபத்து உண்டு. ஆகவே அதன் சிறுநீரையும் இப்போதிலிருந்தே மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து வையுங்கள்.

கூண்டுச்சாவி (பதில்)

டாக்டர்கள் சொன்னதில் "தரையில் பிடித்த சிறுநீர்" என்ற இடத்தில்தான் நடைமுறைச் சிக்கல் வரும். அதற்குச் சில வழிகள்.

ராத்திரிக் கூண்டின் தரையைச் சோப்பு, கிருமிநாசினி இரண்டும் மிஞ்சாதபடி வெறும் தண்ணீரால் மூன்று முறை அலசி, காய விடுங்கள். பிளீச் மிஞ்சியிருந்தால் சிறுநீர்ச் சோதனை ஸ்ட்ரிப்பில் ரத்தம் இருப்பதாகப் பொய்யாகக் காட்டும், செல்லும் கருகிவிடும். வைக்கோல், மணல், மரத்தூள் அன்று வேண்டாம். ஆண் பின்பக்கம் திருப்பிப் பீய்ச்சும் இடம் கீப்பருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தூணில் இடுப்புயரத்துக்குச் சுத்தமான பாலிதீன் ஷீட்டைக் கட்டி, கீழ்முனையை ஸ்டீல் தட்டுக்குள் விழும்படி மடித்துவிட்டால் 5, 10 மில்லி சுலபமாகக் கிடைக்கும். இந்தச் சிறுநீர் கல்ச்சருக்கு ஆகாது. நிறம், அடர்த்தி, ரத்தம், செல் ஆகியவற்றுக்குப் போதும்.

எத்தனை தடவை குந்துகிறது, எத்தனை தடவை வெறுமனே எழுந்திருக்கிறது என்பதைத் தனித்தனியாக எண்ணி எழுதுங்கள். நாளைக்கு 6 முறை குந்தி ஆறிலும் சிறுநீர் வந்தால் ஒரு நிலை, 20 முறை குந்தி நான்கில்தான் வந்தால் வேறு நிலை. கேமராவில் பார்த்தால் இன்னும் சரியாக இருக்கும், இது ராத்திரி விலங்கு. 12 மணி நேரம் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் காலைவரை காத்திருக்கக் கூடாது. அது அடைப்பு, அப்போதே டாக்டரை எழுப்ப வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி இருக்கும் கூண்டில் சிறுநீர் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். சந்தேகம் வந்த பூனையை ராத்திரி மட்டுமாவது தொட்டி இல்லாத அறையில் விடுங்கள். ரத்தம் முதலில் கண்ணில் படாமல் போவதற்கு இந்த இனத்தில் தொட்டியும் ஒரு காரணம்.

சதுப்புநிலம்

ஊசித் திட்டத்தைக் கைவிட்டாகிவிட்டது. ஸ்கேன் முடிந்தது: முக்கோணப் பகுதியில் 2.1 சென்டிமீட்டர் கட்டி, புரட்டியும் நகரவில்லை, டாப்ளரில் ஓட்டம் இருக்கிறது. இடது சிறுநீர்நாளம் லேசாக அகன்றிருக்கிறது. நிணக்கணு, நெஞ்சுப் படம் இரண்டும் சுத்தம். துணுக்கு ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. ரத்தத்தில் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.9. புற்றுநோய் என்றே முடிவு வந்தால், அறுவை, மருந்து, இரண்டில் எது?

ஊதுகுழல்

முக்கோணப் பகுதி என்றாலே அறுவைக்கு இடமில்லாமல் போகிறது. பையின் உச்சியில் கட்டி இருந்தால் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் நல்ல திசுவோடு வெட்டி எடுக்கலாம். மிச்சமிருக்கும் பை சில வாரத்தில் விரிந்து கொடுக்கும். முக்கோணத்தில் இரண்டு சிறுநீர்நாளமும் வடிகுழாயும் ஒரு விரலகலத்துக்குள் நிற்கின்றன, விளிம்பு விட்டு வெட்ட வழியே இல்லை. கண்ணுக்குத் தெரியும் கட்டியைத் தாண்டி, உள்தோல் மட்டத்திலேயே பரவிய புற்றும் சுற்றிலும் இருக்கலாம். அதனால் அரைகுறையாக வெட்டுவது செல்லை வயிற்றுக்குள் கொட்டுவதில்தான் முடியும். வேறு காரணத்துக்காக என்றைக்காவது அந்த வயிற்றைத் திறக்க நேர்ந்தால், பையை ஈரத்துணியால் சுற்றித் தனிமைப்படுத்துங்கள். தையலுக்கு முன் கையுறையையும் கருவிகளையும் முழுதாக மாற்றுங்கள்.

மருந்து என்றால், 2006 ஆய்வில் பார்த்த கட்டித் திசுக்களில் காக்ஸ்-2 என்ற நொதி தென்பட்டது. நாய்க்கு இந்த நோயில் பைராக்சிகாம் என்ற அழற்சி மருந்து பயன்படுவதற்குக் காரணமும் அதே நொதிதான், மருந்து அதைத் தடுக்கிறது. மீன்பிடிப் பூனைக்கென்று தனி அளவு கிடையாது, வீட்டுப் பூனையின் அளவைத்தான் எடுத்துக்கொள்கிறோம். பைராக்சிகாம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். 11 கிலோவுக்கு 3.3 மில்லிகிராம். கடையில் கிடைப்பது 10, 20 மில்லிகிராம் கேப்சூல், பிரித்துக் கட்டித்தர மருந்தாளரிடம் சொல்ல வேண்டும். குத்துமதிப்பாகப் பாதி கேப்சூலைக் கொட்டினால் ஒரு நாள் குறையும், ஒரு நாள் கூடிக் குடல் புண்ணாகும். அதே வகையான மெலாக்சிகாம் சிரப் என்றால் முதல் நாள் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், பிறகு தினம் கிலோவுக்கு 0.01 முதல் 0.03 மில்லிகிராம். வாய்வழி கொடுக்க இது சுலபம்.

உங்கள் பூனைக்கு கிரியேட்டினின் 1.9, ஒரு நாளமும் அகன்றிருக்கிறது. எனவே நான் மெலாக்சிகாமின் கீழ் அளவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் ரத்தம் பார்த்து, கிரியேட்டினின் ஏறாவிட்டால் தொடர்வேன். அதன் பிறகு 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை. தண்ணீர் குடிப்பது குறைந்தாலோ வாந்தி வந்தாலோ மலம் தார்போலக் கறுத்தாலோ அன்றைக்கே நிறுத்த வேண்டும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டோடு சேர்த்து ஒருபோதும் கூடாது.

கீமோ பற்றிக் கேட்பீர்கள். இரண்டு மருந்தை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி மருந்து அலமாரியில் ஒட்டிவிடுங்கள். சிஸ்பிளாட்டின் பூனை இனத்துக்கு நுரையீரலில் நீர் கோக்கச் செய்து கொன்றுவிடும். 5-ஃப்ளூரோயூராசில் நரம்பைத் தாக்கிக் கொன்றுவிடும். நாய்க்கோ மனிதருக்கோ எழுதிய முறையை அப்படியே எடுத்துப் போட்டால் இந்த விபரீதம் நடக்கும். கார்போபிளாட்டினும் மைட்டோசான்ட்ரோனும் பூனைக்குப் போடக்கூடியவை. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மயக்கம், நரம்பு ஊசி, ஒவ்வொரு முறையும் வெள்ளணு எண்ணிக்கை, அடுத்த சில நாள் கழிவை அள்ளும் கீப்பருக்குக் கையுறை, மாஸ்க் என்று எல்லாம் வேண்டும். நாளம் அகலத் தொடங்கிய 9 வயதுப் பூனைக்கு அவ்வளவு மயக்கத்தைக் கொடுத்து வாங்கும் நாட்கள் அதற்கு நல்ல நாட்களாக இருக்காது என்பது என் கருத்து.

நிறுத்தும் எல்லையை இன்றே எழுதி வையுங்கள்: இரண்டு நாளமும் அகன்றது, 12 மணி நேரம் சிறுநீர் இல்லை, தொடர்ந்து மூன்று நாள் மீனைத் தொடவில்லை, மருந்து கொடுத்தும் குந்தி முனகுகிறது. இதில் இரண்டு வந்துவிட்டால் கருணைக் கொலைக்கான அனுமதிக் காகிதம் ஏற்கெனவே மேசையில் இருக்க வேண்டும். மீன்பிடிப் பூனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. அனுமதி கேட்டு எழுதிப் பதில் வரும்வரை அது அடைப்போடு துடிக்கக் கூடாது.

கூண்டுச்சாவி

சிரப்பைத் தீனியில் ஊற்றினால் பாதி தட்டிலேயே நின்றுவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சால் சின்ன மீனின் வாய் வழியே வயிற்றுக்குள் ஏற்றி, அந்த ஒரு மீனை மட்டும் பசியோடு இருக்கும்போது முதலில் கொடுங்கள். விழுங்கியதைப் பார்த்துவிட்டு மிச்சத் தீனி. கடித்துக் குதறித் தலையை மட்டும் தின்றுவிட்டு வயிற்றைத் துப்பும் பூனையும் உண்டு. அப்படியென்றால் மீனை விட்டு, கோழி இதயத்தில் கீறல் போட்டு உள்ளே ஏற்றுங்கள். சிறு மீன்களிலேயே நாள் கணக்கில் ஓட்டினால் தயாமின் குறையும், மாத்திரையைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

ஸ்லைடுப்பெட்டி

கடைசியாக ஒன்று, இப்போது கேட்கச் சங்கடமாக இருந்தாலும். இந்த இனத்துக்கு ஏன் இந்த நோய் இவ்வளவு வருகிறது என்பதற்கு விடை இன்னும் நிறுவப்படவில்லை. காப்பிடங்களில் உள்ளவை சில மூதாதைகளிலிருந்து வந்த நெருங்கிய உறவினர்கள் என்பது ஒரு சந்தேகம். உணவு, நாட்பட்ட அழற்சி இவையும் பேசப்படுகின்றன. காட்டில் இருப்பவற்றுக்கு எவ்வளவு வருகிறது என்று சொல்லப் போதிய உடல்கள் பரிசோதிக்கப்படவில்லை. சதுப்புநிலத்துச் சாலைகளில் அடிபட்டுக் கிடப்பவற்றின் பை யார் கண்ணிலும் படாமல் எரிக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு பூனையின் பிரேதப் பரிசோதனையும் முழுதாக இருக்க வேண்டும்.

பையின் உள்தோல் இறந்த சில மணி நேரத்திலேயே கரைந்து உரியும். உடலைத் திறந்ததும் முதல் வேலை பை. இரண்டு சிறுநீர்நாளம், வடிகுழாய் மூன்றும் ஒட்டியிருக்க, மொத்தமாக வெட்டி எடுங்கள். வடிகுழாய் வழியே கதீட்டர் போட்டு, சிறுநீரை எடுத்த பிறகு 10 சதவீத ஃபார்மலினை உள்ளே ஏற்றிப் பை மிதமாகப் புடைத்ததும் நூலால் கட்டி, முழுதாகவே ஃபார்மலினில் அமிழ்த்துங்கள். திசு ஒரு பங்கு, ஃபார்மலின் பத்துப் பங்கு. இப்படிச் செய்தால் உள்தோலின் மடிப்பு விரிந்து நிற்கும், கட்டி எங்கே தொடங்கி எந்த அடுக்குவரை இறங்கியது என்று வெட்டிப் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும்.

அதற்கு முன்பே கட்டியிலிருந்து ஒரு பட்டாணி அளவும், பையின் நல்ல பகுதியிலிருந்து ஒரு பட்டாணி அளவும், தசைத் துண்டும் தனித்தனியாக 95 சதவீத ஆல்கஹாலில். மரபணு வேலைக்கு இதுதான், நாட்கணக்கில் ஃபார்மலினில் ஊறிய திசு அதற்கு உதவாது. இடுப்பு நிணக்கணு இருபுறமும், நுரையீரலின் ஒவ்வொரு மடலிலிருந்தும் ஒரு துண்டு, கல்லீரல், இரு சிறுநீரகம், அடிமுதுகெலும்பு ஒன்று. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நுரையீரலிலும் நுண்ணோக்கியில் புற்றுச்செல் கூட்டம் இருக்கலாம், ஆகவே கட்டி தெரியவில்லை என்று விட்டுவிட வேண்டாம். துண்டுகள் 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிப்பாக வேண்டாம், நடுவில் ஃபார்மலின் இறங்காது. மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப முதன்மை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும், அதற்கும் இப்போதே எழுதிவிடுங்கள்.

லேபிளைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயும் ஒன்று போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து போய்விடும்.